கன்றும் குழந்தையும் காமிராவும்

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் குழந்தைகளின் படங்கள் சில உண்டு. முதற் பிறந்தநாளன்று ஸ்டூடியோவில் எடுத்த படம். பள்ளியில் வகுப்போடு வரிசையாக நின்று எடுத்த படம். உறவினர் திருமணத்தில் புத்தாடையோடு எடுத்த படம். இவற்றையெல்லாம் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாப் படங்களிலும் குழந்தை நம்மைப் பார்க்கிறது; ஆனால் எந்தப் படத்திலும் குழந்தை தன் இயல்பில் இல்லை. "அசையாதே", "சிரி", "கையைக் கீழே போடு" என்று பெரியவர்கள் இட்ட கட்டளைகளே அந்த முகங்களில் பதிந்திருக்கின்றன.

குழந்தை தன்னை மறந்து தன் இயல்பில் இருக்கும் நேரம் எது? தான் வளர்க்கும் ஒரு பிராணியோடு இருக்கும் நேரமே அது என்பது நம் அனுபவம். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருக்கும் சிறுவனுக்குக் காமிராவும் தெரியாது. காமிராவைப் பிடித்திருக்கும் ஆளும் தெரியாது. அந்த நேரத்தைப் படமாக்குவது எப்படி என்று நாம் கற்றுக்கொண்ட கதையை இங்கே எழுத முற்படுகிறோம். கற்றுக்கொண்டோம் என்பதைவிட, ஒரு சிறுமியின் முழங்கையில் ஏற்பட்ட காயம் நமக்குக் கற்பித்தது என்பதே பொருந்தும்.

சுங்குவார்சத்திரம் என்னும் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்வோர் இவ்வூரைத் தாண்டியே செல்ல வேண்டும். வாலாஜாபாத் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. ஏரிப் பாசனமும் நெல்வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இந்த வட்டாரத்தின் தோற்றம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. கைப்பேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் ஆலைகள் சுற்றிலும் எழுந்தன. பொழுது விடியுமுன்பே தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. ஆயினும் அப்பேருந்துகள் திரும்பும் முனைகளிலேயே மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பதையும், சுற்றுச்சுவர் ஓரத்தில் ஆடுகள் மேய்வதையும் இன்றும் காணலாம்.

பணி ஓய்வு பெற்றபின், மகனின் வேலையை முன்னிட்டு நாம் இவ்வூரில் குடியேறினோம். இளமை முதலே காமிராவில் நமக்குப் பற்று உண்டு. 'அக்ஃபா கிளிக்' என்னும் பெட்டிக் காமிராவில் தொடங்கியவர் நாம். ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கலாம். உதகையிலிருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்து விற்ற காலம் அது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. சுருள் வாங்கிப் படம் எடுப்போரும் அரிது. நம் கையிலும் இப்போது இருப்பது மகன் வாங்கித் தந்த டிஜிட்டல் காமிராவும் ஒரு கைப்பேசியுமே. பழைய காலத்தில் 12 படங்களை எண்ணி எண்ணிச் செலவிட்டோம். இப்போதோ எண்ணாமல் எடுக்கலாம். எண்ணிக்கை கூடியதால் படம் சிறந்துவிடும் என்று நாம் நம்பியதும் ஒரு பேதைமையே.

நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாட்டியம்மாள் பசு ஒன்று வைத்திருந்தார். லட்சுமி என்பது பசுவின் பெயர். 2022ஆம் ஆண்டு கார்த்திகையில் அது ஒரு கிடாரிக் கன்று ஈன்றது. செந்நிறக் கன்று ஆதலால் 'செவலை' என்று அழைத்தார்கள். பாட்டியின் மகள் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவருடைய மகள், ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் கன்றோடுதான் இருப்பாள். அவள் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

2023ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, காலை பத்தரை மணியிருக்கும், காமிராவோடு அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். பசுவின் கொம்புக்கு வண்ணம் பூசி, கன்றுக்கு மாலை போட்டிருந்தார்கள். சிறுமி பட்டுப் பாவாடை உடுத்தியிருந்தாள். இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன என்று மகிழ்ந்தோம். வீட்டின் நீலச் சுவர் அருகே கன்றைக் கொண்டுவரச் சொன்னோம். அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, கன்று அசையாதபடி கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். சிறுமியைக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னோம். "சிரி" என்றோம். அவள் சிரித்தாள், ஆனால் அது ஸ்டூடியோச் சிரிப்பாக இருந்தது. கன்று தாயின் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. பையனுக்குக் கைவலித்ததோ என்னவோ, கயிற்றைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டான். அவள் அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். நாம் அதைக் கண்டோம்; கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்ததால் முகத்தில் நிழல் விழுந்தது. நிழலைப் போக்க எண்ணி, காமிராவின் பளிச்சொளியைப் போட்டு அழுத்தினோம்.

அவ்வளவுதான். கண்ணெதிரே மின்னல் அடித்தாற்போல் ஒளி பாய்ந்ததும் கன்று துள்ளிப் பாய்ந்தது. கயிறு சுற்றிய கையோடு சிறுமி சிமெண்டுத் தரையில் நாலைந்து அடி இழுபட்டாள். நல்லவேளையாகக் கயிறு நழுவியது. முழங்கை தேய்ந்து குருதி கசிந்தது, பாவாடை கிழிந்தது. அவள் கதறி அழுதாள். ஆனால் கைவலிக்காக அழவில்லை. "செவலை ரோட்டுக்குப் போவுது! பஸ்ஸு வரும்!" என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடினாள். தெருக்கோடியில் யாரோ ஒருவர் கன்றை மறித்துப் பிடித்தார். இன்னும் இருபது அடி சென்றிருந்தால் அது நெடுஞ்சாலையை எட்டியிருக்கும்.

பாட்டியம்மாள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. காயத்தைக் கழுவிக்கொண்டே, "ஏங்க ஐயா, கன்னைக் கட்டி இழுத்து வச்சு போட்டோ புடிச்சா அது எப்படிங்க நிக்கும்? அதுக்கும் மனசு இருக்குதில்ல?" என்றார். நாம் தலைகுனிந்து வீடு திரும்பினோம். அன்று எடுத்த படத்தில் சிறுமியின் கண்கள் மூடியிருக்கின்றன. கன்றின் கண்ணில் வெண்மை மட்டும் தெரிகிறது. அப்படத்தை நாம் இன்றுவரை அழிக்கவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. முன்பு படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இந்தியாவின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரகு ராய் கட்டடப் பொறியியல் படித்தவர். அவருடைய தமையனார் எஸ். பால் அக்காலத்திலேயே பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர். 1960களில் ஒருநாள், நண்பர் ஒருவர் கிராமத்துக் குழந்தைகளைப் படம் எடுக்கச் சென்றபோது ரகு ராயும் தமையனாரின் காமிராவை வாங்கிக்கொண்டு உடன் சென்றார். சென்ற இடத்தில் அவர் கண்ணில் பட்டது ஒரு கழுதைக் குட்டி. அருகே போனால் அது ஓடிற்று. அவரும் பின்தொடர்ந்தார். குழந்தைகள் அந்த வேடிக்கையைக் கண்டு சிரித்தார்கள். நெடுநேரம் ஓடியபின் குட்டி தானாகவே ஓரிடத்தில் நின்றது, மாலை வெயில் அதன்மேல் விழுந்தது, அப்போது எடுத்தார். தமையனார் அப்படத்தை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு அனுப்ப, அது வெளியாயிற்று. ஒரு பொறியாளர் புகைப்படக் கலைஞரானது அந்தக் கழுதைக் குட்டியால்தான். 1977இல், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸோன் இவரை 'மேக்னம்' என்னும் புகைப்படக் கலைஞர் அமைப்புக்கு முன்மொழிந்தார்.

குட்டியைக் களைப்புறும்வரை துரத்துவது முறையா என்று நாம் கேட்கலாம். அது வேறு. நாம் எண்ணிப் பார்த்தது இதைத்தான்: அந்தக் குட்டியை யாரும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தவில்லை. தான் நிற்க விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் அது நின்றது. கலைஞர் செய்ததெல்லாம் அந்த நேரத்தில் அங்கே இருந்ததுதான். நாமோ கயிற்றால் நேரத்தைக் கட்டி இழுக்கப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். காமிரா இல்லாமல் சென்றோம். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை மட்டுமே இருந்தது. சிறுமி கதவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கீரையை அவளிடமே கொடுத்து, "நீயே கொடம்மா" என்றோம். வாங்கிக்கொண்டாள், பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் சென்றோம். மூன்றாவது வாரம் அவளே, "தாத்தா, கீரையை முன்னாடி நீட்டாதீங்க, பக்கத்துல இருந்து காட்டுங்க. அப்பத்தான் அதுக்குத் தெரியும்" என்று நமக்குப் பாடம் சொன்னாள்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. சுற்றிலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அது பார்க்கும். ஆனால் நேர் பின்னால் இருப்பதும், மூக்குக்கு மிக அருகே நேர் முன்னால் இருப்பதும் அதற்குத் தெரியா. பின்னாலிருந்து ஓசையின்றி வருவோரை அது உதைப்பதன் காரணம் இதுவே. ஆகவே படம் எடுக்கச் செல்வோர் தோளின் பக்கமாக, மாடு பார்க்கும்படி, மெல்லப் பேசிக்கொண்டே அணுக வேண்டும். காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தால் அது நம்மை அறிய விரும்புகிறது என்று பொருள். தலையை உயர்த்தி, உடல் விறைத்து, கண்ணின் வெண்மை தெரியுமானால் அஞ்சுகிறது என்று பொருள். அப்போது விலகிவிடுவதே நன்று. ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இவை, அறுபதைத் தாண்டிய நமக்குத் தெரியாமல் போயின.

நம் தமிழகத்தில் பிறந்த இயற்கையியல் அறிஞர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதிவந்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர் அவர். நாய், ஆடு போன்ற வீட்டு விலங்குகளைப் பற்றியும் கூர்ந்து கண்டு எழுதினார். தாமே ஆடு வளர்த்தும் இருக்கிறார். பார்ப்பது முதலில், படம் பின்னர் என்னும் முறைமைக்கு அவரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நான்காவது வாரத்திலிருந்து காமிராவை எடுத்துச் சென்றோம். ஆனால் அதைத் தோளில் தொங்கவிட்டபடியே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இவ்வாறு வாரந்தோறும் உட்கார்ந்திருந்து, அத்தெருவிலும் அடுத்த தெருக்களிலும் பழகி, நாம் தெரிந்துகொண்டவற்றை, வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துச் சொல்லுகிறோம். விலையுயர்ந்த காமிரா வேண்டுவதில்லை. சாதாரணக் கைப்பேசியே போதும்.

முதலாவது, உயரம். நின்றபடி எடுத்தால் குழந்தையின் உச்சந்தலையும் பிராணியின் முதுகுமே படத்தில் விழும். குழந்தையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்துக்கு நாம் இறங்க வேண்டும். கோழிக்குஞ்சோடு விளையாடும் குழந்தையானால் மண்ணில் படுத்துத்தான் எடுக்க வேண்டும். வேட்டியில் சாணம் படும்; படட்டும். துவைத்தால் போய்விடும்.

இரண்டாவது, வெளிச்சம். காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை நாலரைக்குப் பின்பும் வரும் சாய்ந்த வெயில் முகத்துக்கு அழகு தரும். உச்சி வெயில் கண்ணின்கீழ் கருநிழல் இடும். நடுப்பகலில் எடுத்தே தீரவேண்டுமானால், மாட்டுக் கொட்டகையின் வாயிலிலோ திண்ணை நிழலிலோ குழந்தை இருக்கும் நேரம் பார்த்து எடுக்கலாம். எதிரே வெள்ளைச் சுவரோ, காய வைத்த வெள்ளை வேட்டியோ இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியே போதுமானது. பளிச்சொளியை விலங்கின் எதிரே ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதை நாம் எவ்வளவு விலை கொடுத்துக் கற்றோம் என்பதை முன்னரே கூறினோம். இன்னொன்று: எருமையோ கருப்பாடோ படத்தை நிறைத்திருந்தால், காமிரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும், வெள்ளாடு வெண்ணிறமாயின் குழந்தையின் முகம் இருண்டுவிடும். கைப்பேசித் திரையில் குழந்தையின் முகத்தின்மீது விரலை வைத்துத் தொட்டால், முகத்துக்கேற்ப ஒளி அமையும்.

மூன்றாவது, விரைவு. ஆட்டுக்குட்டி எப்போது துள்ளும் என்று யாரால் சொல்ல முடியும்? டிஜிட்டல் காமிரா வைத்திருப்போர் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு என்னும் வேகத்தை வைத்துக்கொண்டால் துள்ளலும் தெளிவாகப் பதியும். பல கைப்பேசிகளில், படம் எடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாலோ, ஒருபக்கமாக இழுத்தாலோ படங்கள் அடுத்தடுத்து விழும். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம்.

நான்காவது, வேலை. "இங்கே பார்" என்றால் குழந்தை பொம்மையாகிவிடும். "ராத்திரி இது எங்கே படுக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே எழுந்து இடத்தைக் காட்டும், கையை நீட்டும், பிராணியைப் போலவே நடித்தும் காட்டும். குழந்தைக்கும் பிராணிக்கும் இடையே அன்றாடம் நடக்கும் வேலை ஒன்று இருக்கும். தண்ணீர் காட்டுதல், தழை கட்டுதல், உண்ணி எடுத்தல், முட்டை தேடுதல் என ஏதேனும் ஒன்று. அந்த வேலை நடக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அந்நேரத்தில் அங்கே இருங்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடு வீட்டுக்கு வந்தால், பெரியவர்கள் வேலைக்குப் போனபின் அதற்குத் தழை ஒடித்துப் போடுவது பெரும்பாலும் குழந்தைகளே. அவர்களுக்கு ஆடு விளையாட்டுப் பொருளன்று, பொறுப்பு. அந்தப் பொறுப்பின் பெருமிதம் முகத்தில் தெரியும் படமே சிறந்த படம் என்று நாம் கருதுகிறோம்.

ஐந்தாவது, பின்புலம். பிளாஸ்டிக் குடமும் கொடிக்கயிறும் தலைக்கு மேல் முளைத்தாற்போல் விழாதபடி நாம் ஓரடி இப்புறமோ அப்புறமோ நகர்ந்தால் போதும். ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும் என்பதில்லை. ஆட்டின் பின்னே கம்பெனிப் பேருந்து நிற்கிறதா? நிற்கட்டும். அதுதான் இக்குழந்தையின் ஊர். இருபது ஆண்டு கழித்து அவனுக்கு அந்தப் பேருந்தும் நினைவாகும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் தலையாயது, பாதுகாப்பு. கயிற்றைக் குழந்தை கையில் சுற்றிக்கொள்ள ஒருபோதும் விடலாகாது. உள்ளங்கையில் பிடித்தால் போதும், வேண்டியபோது விட்டுவிடலாம். உண்ணும் நாயையும் குட்டி போட்ட நாயையும் படத்துக்காக நெருங்கவிடக் கூடாது. கோழிக்குஞ்சையும் பூனைக்குட்டியையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லக் கூடாது. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயம் சிறிதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் காப்பது ஏறக்குறைய இயலாது. வருமுன் தடுப்பூசியால் காக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி கட்டணமின்றிப் போடப்படுகிறது.

ஏழாவது, இசைவு. பிறர் குழந்தையைப் படம் எடுக்குமுன் பெற்றோரிடம் கேட்க வேண்டும்; குழந்தையிடமும் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் காமிராவைப் பையில் போட வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் நொடியில் ஊரெல்லாம் பரவும் காலம் இது. குழந்தையின் பெயர், பள்ளியின் பெயர், தெரு ஆகியவற்றோடு படத்தைப் பரப்புவது அறிவுடைமை ஆகாது. சில கைப்பேசிகள் படம் எடுத்த இடத்தையும் படத்தோடு சேர்த்தே பதிந்துவைக்கும். அனுப்புமுன் அதனை நீக்கிவிடலாம். அச்சிறுமியின் பெயரை நாம் எழுதாமைக்குக் காரணம் இதுவே.

மீண்டும் நம் கதைக்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை. சிறுமி கொட்டகை வாயிலில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கன்று அவள் பின்னால் நின்றது. நாம் எதிரே, திண்ணையின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தோம். நாம் இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள். உள்ளேயிருந்து பாட்டி அழைத்தார். "தோ வரேன் ஆயா" என்று சிறுமி தலையைத் திருப்பினாள். அந்த நேரத்தில் கன்று அவள் சடையின் ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டது. எழ முயன்றவள் இழுபட்டு, அப்படியே திரும்பி, கன்றின் மூக்கின்மேல் ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டே அதைத் திட்டினாள். திட்டு வாயில் இருந்தது. சிரிப்பு கண்ணில் இருந்தது. கன்று ரிப்பனை விடுவதாயில்லை. முழங்கையில் பொங்கலன்று பட்ட காயத்தின் தழும்பு, மாலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. நாம் மூன்று படங்கள் எடுத்தோம். நடுப்படம்தான் அந்தப் படம்.

அன்றே அதைத் திரையில் காட்டினோம். "ஐயே!" என்று முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அச்சுப் போட்டுக் கொண்டுவந்து தருவதாக வாக்களித்தோம். இங்கேதான் நம் இரண்டாவது குற்றம் நிகழ்ந்தது. நாளைக்குப் போகலாம், காஞ்சிபுரம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்களைக் கடத்தினோம். நடுவே உறவினர் வீட்டுக்கு வெளியூர் சென்றோம். படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவ்வீட்டு வாயிலை மிதித்தபோது ஆனி மாதம் பாதி கடந்திருந்தது.

கொட்டகையில் பசு இல்லை, கன்றும் இல்லை. இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றிருந்தன. மேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்லும் வெற்றிடத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டதாகவும், தவிடும் புண்ணாக்கும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றும், தம் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை என்றும் பாட்டியம்மாள் சொன்னார். "வித்துட்டேங்க ஐயா. தாயும் பிள்ளையுமாத்தான் குடுத்தேன், பிரிக்கல" என்று சொல்லிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். பசுவை ஓட்டிச் சென்ற அன்று குழந்தை பள்ளிக்குச் சென்றிருந்ததாம்.

சிறுமி படத்தை இரு கைகளாலும் வாங்கினாள். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கன்றின் இடது காதை விரலால் தொட்டாள். சின்னக் கன்றாக இருந்தபோது வேலிக் கம்பியில் மாட்டி, அக்காதின் நுனி சிறிது கிழிந்திருந்தது. "காது கிழிஞ்சது தெரியுது, தாத்தா. என் செவலையேதான்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "லட்சுமி எங்கே?" என்று கேட்டாள். படத்தின் வலது ஓரத்தில் பசுவின் வாலும் பின்னங்காலும் மட்டுமே இருந்தன. அவற்றை அவளே கண்டுபிடித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை வாரங்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்! லட்சுமி நம் எதிரேதான் நின்றது. நாள்தோறும் விடியலில் பாட்டியம்மாள் அதன் மடியில் தலைசாய்த்துப் பால் கறப்பதையும் கண்டிருக்கிறோம். நல்ல படம் ஒன்றைத் தேடிய ஆவலில், சாதாரணமானவை என்று அவற்றையெல்லாம் எடுக்காமல் விட்டோம். குழந்தை தேடியதோ அந்தச் சாதாரணத்தைத்தான். அழகிய படம் எடுப்பதில் நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் படம் யாருக்காக என்பதை நாம் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

ஆதலின் பெற்றோர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் குழந்தைக்கு ஒரு மாடோ, ஆடோ, நாயோ, வாடகை வீட்டு மாடிப்படியில் வந்து போகும் பூனையோ நட்பாக இருக்குமானால், அவர்கள் இருவரையும் இந்த வாரமே படம் எடுங்கள். பிராணிகளின் ஆயுள் குறுகியது. அவை நம் வீட்டில் இருக்கும் காலம் அதனினும் குறுகியது. குழந்தைப் பருவமோ எல்லாவற்றினும் குறுகியது. சிறப்பான நேரத்துக்காகக் காத்திருங்கள். ஆனால் காத்திருக்கும்போது, கட்டுத்தறியையும் தண்ணீர்த் தொட்டியையும் பால் கறக்கும் கைகளையும் எடுத்து வையுங்கள். கைப்பேசிக்குள்ளேயே விட்டுவிடாமல் ஒன்றிரண்டையாவது அச்சிட்டு, பின்புறம் நாளையும் பிராணியின் பெயரையும் பென்சிலால் எழுதிக் குழந்தையின் கையில் கொடுங்கள். பிறர் குழந்தையை எடுத்தீர்களானால் ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்வரை அது கடனே.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். அவள் தாயார் சேமித்த பணத்தில் வெள்ளாட்டுக் குட்டிகள் இரண்டு வாங்கித் தந்திருக்கிறார். ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவை கட்டப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் அவளே நம் வீட்டுக்கு வந்து வாயிலில் நின்று கூப்பிட்டாள்.

"தாத்தா, குட்டிங்களைப் போட்டோ எடுக்க வரீங்களா? சாயங்காலம் நாலரைக்கு வாங்க, அப்பத்தான் வெயில் நல்லா விழும். ஆயாவையும் நிக்க வச்சு எடுங்க. ஆனா அந்தப் பளிச்சுன்னு அடிக்கிறது மட்டும் வேணாம்."

சென்றோம். பாட்டியம்மாளையும் எடுத்தோம். மறுநாளே காஞ்சிபுரம் சென்று அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டோம்.